வெள்ளிக்கிழமைத் தோட்டமும் சனிக்கிழமை நிலமும்

மார்ச் முதல் அக்டோபர் வரை வெள்ளிக்கிழமை மாலைகளில் பிபிசியின் இரண்டாம் அலைவரிசையில் 'கார்டனர்ஸ் வேர்ல்ட்' ஓடும். 1968 ஜனவரியில் தொடங்கிய நிகழ்ச்சி. பிரிட்டனில் தோட்டக்கலை என்றதும் பலருக்கு இன்றும் முதலில் நினைவுக்கு வருவது அதுதான். அதைப் பார்த்தவர்களில் ஒரு பகுதியினர் மறுநாள் காலை மண்வெட்டியோடு ஊரோரத்து அலாட்மென்ட்டுக்குப் போகிறார்கள். திரையில் பார்த்ததற்கும் நிலத்தில் செய்ய வேண்டியதற்கும் எவ்வளவு தூரம் என்பது அங்கே போனதும் தெரிந்துவிடும். இந்தத் தூரம் பற்றிய வாதம் அந்த நாட்டில் நெடுங்காலமாக நடக்கிறது. தொலைக்காட்சி மக்களை ஏமாற்றுகிறது என்கிறது ஒரு தரப்பு. தொலைக்காட்சி இல்லையென்றால் பாதிப் பேர் மண்ணையே தொட்டிருக்க மாட்டார்கள் என்கிறது மறு தரப்பு.

இரண்டுமே கேள்வியின் மையத்தைத் தொடவில்லை என்று நினைக்கிறேன். தொலைக்காட்சி சொல்லிக்கொடுக்கும் செய்முறைகளில் பெரும்பாலும் பிழையில்லை. எப்படி விதைப்பது, எவ்வளவு இடைவெளி விடுவது, எப்போது நாற்றை எடுத்து நடுவது என்பதையெல்லாம் சரியாகவே காட்டுகிறார்கள். அதில் விடுபடுவது காப்பாற்றும் வேலை. ஊன்றிய விதையை அறுவடை வரை, அந்த நிலத்தை அடுத்த ஆண்டு வரை, வாரம் தவறாமல் பார்த்துக்கொள்ளும் வேலை. அலாட்மென்ட்டில் முக்கால் பங்கு உழைப்பு அதற்குத்தான் போகிறது.

அலாட்மென்ட் வீட்டுத் தோட்டமன்று. பெரும்பாலும் நகராட்சிக்குச் சொந்தமான நிலத்தைப் பகுத்து, காய்கறி போட்டுக்கொள்ளக் குடும்பங்களுக்கு ஆண்டு வாடகைக்கு விடும் துண்டு அது. வழக்கமான முழுத் துண்டு 10 'ராட்', அதாவது ஏறத்தாழ 250 சதுர மீட்டர். நம் கணக்கில் ஆறு சென்ட்டுக்குச் சற்று மேல். இதன் வேர் நிலமிழப்பில் இருக்கிறது. ஊர்ப் பொது நிலங்கள் வேலியடைக்கப்பட்டுத் தனியார் உடைமையாகிக்கொண்டிருந்த காலத்தில், நிலமற்ற கூலிகளுக்குக் கால் ஏக்கர் வரை ஒதுக்க 1845ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்தது. 1908இல் வந்த சட்டம், கேட்பவர்கள் இருந்தால் நிலம் தருவது உள்ளாட்சியின் கடமை என்றாக்கியது. வரி செலுத்துவோரோ வாக்காளரோ ஆறு பேர் சேர்ந்து எழுதிக் கேட்டால் நிர்வாகம் அதைப் பரிசீலித்தாக வேண்டும். 1922ஆம் ஆண்டுச் சட்டம் அலாட்மென்ட் தோட்டத்துக்கு வகுத்த இலக்கணத்தில் ஒரு நிபந்தனை உண்டு: நிலத்தை முழுவதுமாகவோ பெரும்பகுதியோ அதை வைத்திருப்பவரே பயிரிட வேண்டும், விளைச்சல் அவரும் அவர் குடும்பமும் உண்பதற்கு. பிறரை வைத்துச் செய்வித்துக்கொள்ளும் தோட்டம் இந்த இலக்கணத்துக்குள் வராது. தொலைக்காட்சியோடு ஒப்பிடும்போது இந்த நிபந்தனை மிக முக்கியம்.

முதல் உலகப் போரின் முடிவில் அங்கே ஏறத்தாழ 15 லட்சம் துண்டுகள் இருந்தன. இரண்டாம் உலகப் போரின்போது 14 லட்சம். 1970 வாக்கில் 5 லட்சத்தை ஒட்டி வந்தது. இன்று 3 லட்சம் அளவில் நிற்கிறது.

தொலைக்காட்சியின் கதையும் இதனோடு சேர்ந்தே ஓடுகிறது. சி. எச். மிடில்டன் 1930களில் ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல்களில் வானொலியில் தோட்டம் பற்றிப் பேசி நாடெங்கும் பெயர் பெற்றவர். 1936 நவம்பரில் லண்டன் அலெக்சாண்ட்ரா பேலஸிலிருந்து பிபிசி தொலைக்காட்சி தொடங்கிய அதே மாதத்தில் அவர் திரையிலும் தோன்றினார். அந்த வளாகத்திலேயே அவருக்கென ஒரு தோட்டம் போடப்பட்டது. ஆனால் போர் மூண்டதும் 1939 செப்டம்பரில் தொலைக்காட்சி நிறுத்தப்பட்டது. 1946இல்தான் மீண்டும் வந்தது. ஆகவே மக்களைக் காய்கறி பயிரிடச் சொன்ன 'டிக் ஃபார் விக்டரி' இயக்கம் முழுவதும் தொலைக்காட்சி இல்லாமலே நடந்தது. வானொலிப் பேச்சு, சுவரொட்டி, செய்திப்படம், துண்டறிக்கை இவைதான் கருவிகள். அரசு வெளியிட்ட முதல் துண்டறிக்கை 90 அடிக்கு 30 அடி நிலத்தில் எதை எங்கே விதைப்பது, எது முடிந்தபின் எதை ஊன்றுவது என்று வரைந்து காட்டியது. ஆண்டு முழுவதும் காய்கறி கிடைக்க வேண்டும், குறிப்பாகக் குளிர்காலத்தில் கிடைக்க வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம். பூவின் வண்ணத்தையோ முடிந்த தோட்டத்தின் அழகையோ காட்ட வழியில்லாத ஊடகங்கள் அவை. இந்த வாரம் என்ன வேலை என்பதைத்தான் அவற்றால் சொல்ல முடிந்தது. தோட்டம் போடுவதற்கு அதைவிட உருப்படியான அறிவுரை பின்னாளில் பெரிய அளவில் வந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

போருக்குப் பின் 1955இல் பெர்சி த்ரோவர் 'கார்டனிங் கிளப்' நிகழ்ச்சியைத் தொடங்கினார். ஷ்ரூஸ்பரி நகரின் பூங்காக்களைக் கவனித்துக்கொண்டிருந்த தொழில்முறைத் தோட்டக்காரர் அவர். 1967 ஜூலையில் பிபிசியின் இரண்டாம் அலைவரிசைக்கு வண்ணம் வந்தது. ஆறு மாதத்தில் 'கார்டனர்ஸ் வேர்ல்ட்' வந்தது. வண்ணத்திரைக்குப் பூ எவ்வளவு பொருத்தமோ அவ்வளவுக்கு உருளைக்கிழங்கு பொருத்தமில்லை. அடுத்த ஆண்டே, 1969இல், பேராசிரியர் ஹாரி தோர்ப் தலைமையிலான அரசுக் குழு அலாட்மென்ட்கள் பற்றிய தன் நீண்ட அறிக்கையை அளித்தது. சிதைந்த கொட்டகைகள், கைவிடப்பட்ட துண்டுகள், வயதாகிப்போன குத்தகைதாரர்கள் என்று நிலைமையை விவரித்து, இவற்றை ஐரோப்பியப் பாணியில் பூவும் புல்தரையும் சிறு குடிலும் உள்ள 'ஓய்வுத் தோட்டங்களாக' மாற்றலாம் என்றது. பரிந்துரைகளில் மிகச் சிலவே நிறைவேறின. ஆனாலும் அந்தக் காலத்தின் மனப்போக்கு அதில் தெளிவாகத் தெரிகிறது. தோட்டம் என்பது பார்க்கும் இடம் என்ற எண்ணம் அரசுக்கும் திரைக்கும் ஒரே வேளையில் வந்திருக்கிறது.

இந்தப் போக்கின் உச்சம் 1997இல் வந்த 'கிரவுண்ட் ஃபோர்ஸ்'. ஆலன் டிட்ச்மார்ஷ், சார்லி டிமாக், டாமி வால்ஷ் மூவரும் இரண்டே நாளில் ஒரு வீட்டின் பின்கட்டை அடியோடு மாற்றிவிடுவார்கள். வீட்டுக்காரரை ஏதாவது சாக்குச் சொல்லி வெளியூர் அனுப்பிவிட்டு, அவர் திரும்பி வந்து வியப்பதைப் படம் பிடிப்பார்கள். 2005 வரை ஓடியது. உழைப்பைக் காட்டவில்லை என்று இந்த நிகழ்ச்சியைக் குறை சொல்ல முடியாது. மூவரும் சேற்றில் நின்று வியர்வை சிந்துவதை நாடே பார்த்தது. கோளாறு வேறிடத்தில் இருக்கிறது. இரண்டு நாளில் முடிகிற வேலை என்றால் மரப்பலகைத் தளம், சரளைக்கல், சிறு நீரூற்று, தொட்டியில் ஏற்கெனவே பூத்து நிற்கும் செடி இவற்றைக் கொண்டுவந்து வைக்கலாம். விதை போட முடியாது. அந்தச் செடியை நாற்றுப்பண்ணையில் யாரோ ஒருவர் இரண்டு மூன்று ஆண்டுகள் வளர்த்திருப்பார். அந்த ஆண்டுகளைத்தான் நிகழ்ச்சி விலைக்கு வாங்கியது. வேகமாக வரும் முள்ளங்கிக்கே நாலு வாரம் வேண்டும். ஆகவே காய்கறிக்கு அந்த வடிவத்தில் இடமே இல்லை. தோட்டத்துக்கு உரியவர் வேலை நடக்கும்போது அங்கே இல்லாதிருப்பதுதான் அந்த நிகழ்ச்சியின் அடிப்படை. அவரே நின்று பயிரிட வேண்டும் என்பது 1922ஆம் ஆண்டுச் சட்டத்தின் அடிப்படை. இந்த இரண்டுக்கும் நடுவில் சமரசம் கிடையாது.

நிலத்தில் என்ன நடக்கிறது? தண்ணீரிலிருந்து தொடங்கலாம். முழுத் துண்டில் பாதை, கொட்டகை, பழப்புதர்கள் போகப் பாதி நிலம் பாத்தி என்று கொள்வோம்: 125 சதுர மீட்டர். மழையில்லாத கோடையில் வாரத்துக்குச் சதுர மீட்டருக்கு 10 லிட்டராவது வேண்டும். ஆக 1,250 லிட்டர். பல இடங்களில் குழாயில் ஹோஸ் மாட்டித் தண்ணீர் பாய்ச்ச அனுமதியில்லை. பொதுத் தொட்டியில் பூவாளியை அமிழ்த்தி எடுத்துச் சுமக்க வேண்டும். 10 லிட்டர் பூவாளியில் 125 தடவை, ஒரு கைக்கு ஒன்றாக எடுத்தாலும் அறுபது நடைக்கு மேல். ஒரு வாரத்தில் கையால் தூக்கும் சுமை ஒன்றேகால் டன். 2022 ஜூலை 19 அன்று லிங்கன்ஷையரின் கோனிங்ஸ்பியில் 40.3 பாகை செல்சியஸ் பதிவானதே, அந்தக் கோடையில் இதைத்தான் வேலை முடிந்து வந்த மாலைகளில் மக்கள் செய்துகொண்டிருந்தார்கள்.

அடுத்தது மட்கு. மண்ணைக் கொத்தாமல் மேலே மட்கைப் பரப்பிப் பயிரிடும் முறையைச் சார்ல்ஸ் டவுடிங் பரவலாக்கியிருக்கிறார். நல்ல முறை, நான் முழு மனதோடு ஆதரிக்கும் முறை. களை மண்டிய நிலத்தில் முதலாண்டு 15 செ.மீ. தடிமனுக்குப் பரப்ப வேண்டும். அதே 125 சதுர மீட்டருக்குக் கணக்கிட்டால் 18,750 லிட்டர். 85 லிட்டர் பிடிக்கும் ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியில் 220 நடை, அதுவும் வாயிலில் கொட்டிய குவியலிலிருந்து துண்டு வரை, மழை பெய்து குழைந்த பாதையில். 'கொத்த வேண்டாம்' என்ற சொல்லைக் கேட்டு வேலையே இல்லை என்று நம்பி வருபவர்கள் இந்த இடத்தில்தான் திகைக்கிறார்கள்.

பிறகு களை. பைண்ட்வீட் என்ற சுற்றுக்கொடியின் வெள்ளை வேரில் விரல்நுனி அளவு துண்டு மண்ணில் தங்கினாலும் மீண்டும் துளிர்க்கும். கௌச் புல் நம் அறுகு போல மண்ணுக்கடியில் ஓடும். ஹார்ஸ்டெயிலின் வேர் இரண்டு மீட்டர் ஆழம் வரை இறங்கும். அதைத் தோண்டி ஒழித்தேன் என்று சொல்லக்கூடியவர்கள் அரிது. வாரந்தோறும் மேலே தலைகாட்டும் தண்டை எடுத்து எடுத்து, ஆண்டுக்கணக்கில் அதை நலிவடையச் செய்வதுதான் வழி. இத்தனைக்கும் பக்கத்துத் துண்டுக்காரர் மூன்று மாதம் வராமல் இருந்துவிட்டால் அவருடைய களை வேலியில்லாத எல்லையைத் தாண்டி வந்துவிடும். வீட்டுத் தோட்டத்துக்கு மதில் உண்டு. அலாட்மென்ட்டில் அடுத்தவரின் சோம்பலும் உங்கள் வேலையில் சேரும்.

உருளைக்கிழங்கின் பின்கருகல் நோய் களையைவிடக் கடுமையாக இதை உணர்த்தும். ஊட்டி விவசாயிகளும் நன்கறிந்த அதே நோய்தான். தொடர்ந்து இரண்டு நாள் வெப்பம் 10 பாகைக்குக் கீழே இறங்காமல், ஒவ்வொரு நாளும் குறைந்தது ஆறு மணி நேரம் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தொட்டால் நோய்க்கு வாய்ப்பு என்று எச்சரிக்கிறார்கள். 2017 முதல் பயன்படும் 'ஹட்டன்' அளவுகோல் இது. முதலில் இலை ஓரத்தில் எண்ணெய் பட்டது போன்ற பழுப்புத் திட்டு. அதிகாலையில் இலையைத் திருப்பினால் திட்டைச் சுற்றி மெல்லிய வெண்பூஞ்சை. ஒரு வாரத்துக்குள் முழுச் செடியும் கறுத்துச் சரிந்து அழுகல் நாற்றம் எழும். வித்துகள் காற்றில் போவதால் ஒருவர் பாத்தியில் வந்தது எல்லோருக்கும் வரும், தக்காளிக்கும் தாவும். வீட்டுத் தோட்டக்காரர்கள் அடிக்க அங்கே இப்போது மருந்து கிடையாது. அன்றைக்கே தண்டை அடியோடு அறுத்து அப்புறப்படுத்திவிட்டு, கிழங்கின் தோல் முற்ற இரண்டு வாரமாவது பொறுத்திருந்து தோண்டினால் விளைந்ததைக் காப்பாற்றலாம். 'அன்றைக்கே' என்பதுதான் முக்கியம். அடுத்த சனிக்கிழமை வரை காத்திருந்தவருக்குக் கிழங்கு மிஞ்சாது.

2008இல் நடந்ததையும் சொல்ல வேண்டும். மேய்ச்சல் நிலங்களில் அகன்ற இலைக் களைகளைக் கொல்ல அடித்த அமினோபைராலிட் என்ற மருந்து, புல்லில் தங்கி, மாடும் குதிரையும் தின்று, சாணத்திலும் அழியாமல் வந்து, தொழு உரமாக அலாட்மென்ட்களுக்குப் போய்ச் சேர்ந்தது. அவரையினச் செடிகள், தக்காளி, உருளைக்கிழங்கு எல்லாம் இலை சுருண்டு முறுக்கிக்கொண்டன. நல்ல உரம் போட்டவர்களே அதிகம் இழந்தார்கள். அவ்வாண்டே அந்த மருந்தின் விற்பனையை நிறுத்திவைத்தார்கள். பின்னர் கட்டுப்பாடுகளோடு திரும்ப அனுமதித்தார்கள். இன்றும் எச்சரிக்கையான அலாட்மென்ட்காரர் புது உரத்தைத் தொட்டியில் மண்ணோடு கலந்து, நாலைந்து அவரை விதை ஊன்றி, இலை ஒழுங்காக வருகிறதா என்று பார்த்த பிறகே பாத்தியில் போடுகிறார். பார்க்கச் சுவையற்ற, மிக அவசியமான இந்த மாதிரி வேலைகள்தான் திரையில் இடம் பெறத் தவறுகின்றன.

பருவத்தையும் கவனிக்க வேண்டும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை உரம் சுமப்பது, பழமரம் கவாத்து செய்வது, கொட்டகையைச் செப்பனிடுவது எல்லாம் நடக்கும்; வாராந்தர நிகழ்ச்சி அப்போது ஓய்வில் இருக்கும். ஏப்ரல், மே மாதங்களில் திரையில் நாற்றும் பூவும் நிறைந்திருக்கும். நிலத்திலோ குளிர்காலக் காய்கள் முடிந்து, புதியவை இன்னும் வராத 'பசி இடைவெளி'. முதலாண்டுக்காரருக்கு இந்த இடைவெளி பெரும் ஏமாற்றம்.

இவ்வளவுக்கும் பிறகு, தொலைக்காட்சியால் இயலவே இயலாது என்று நான் சொல்லவில்லை. செய்துகாட்டியிருக்கிறார்கள். ஜெஃப் ஹாமில்டன் 1979 முதல் 1996இல் இறக்கும் வரை 'கார்டனர்ஸ் வேர்ல்ட்' நடத்தினார். ரட்லாண்டில் உள்ள பார்ன்ஸ்டேலில் தானே நிலம் எடுத்து, ஒரே மண்ணில் ஆண்டாண்டாக வேலை செய்தார். கரிச்சதுப்பு நிலங்களை வெட்டியெடுத்து விற்கும் பீட் வேண்டாம் என்று, மாற்றுகளைப் பயன்படுத்திக் காட்டினார். பெருவாரியான தோட்டக்காரர்கள் அதைப் பற்றி யோசிக்காத காலம் அது. இப்போதைய தொகுப்பாளர் மான்டி டான் 2011 முதல் ஹெரிஃபர்ட்ஷையரில் தன் சொந்தத் தோட்டத்திலிருந்தே பேசுகிறார். பாக்ஸ் செடி வேலிகள் நோய் தாக்கி அழிந்தபோது, அவற்றைப் பிடுங்கி எறிவதையும் காட்டினார். ஸ்காட்லாந்தில் 1978 முதல் வரும் 'பீச்குரோவ் கார்டன்' அபர்டீனின் குளிரையும் தாமதமான வசந்தத்தையும் மறைப்பதில்லை.

எனக்கு எல்லாவற்றிலும் மேலாகப் படுவது 1987இல் பிபிசி ஒளிபரப்பிய 'தி விக்டோரியன் கிச்சன் கார்டன்'. சில்ட்டன் ஃபோலியட் என்ற ஊரில் பாழடைந்து கிடந்த மதில் சூழ்ந்த காய்கறித் தோட்டத்தை, வாழ்நாள் முழுவதும் அந்தத் தொழிலிலேயே இருந்த ஹாரி டாட்சன் மீட்டெடுப்பதை, பீட்டர் தோடே விளக்க, மாதம் மாதமாக ஓர் ஆண்டு முழுவதும் 13 பகுதிகளில் காட்டினார்கள். டாட்சன் அவசரப்படுவதே இல்லை. அவர் கை எப்படிப் போகிறது என்பதைக் காமிரா பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருக்கும். வேலையின் நேரத்தை மதித்ததால்தான் அந்தத் தொடர் நிற்கிறது. ஒப்பிட்டால், 2014இலும் 2015இலும் வந்த 'தி பிக் அலாட்மென்ட் சேலஞ்ச்' பெயரில் மட்டும்தான் அலாட்மென்ட். மேப்பிள்டர்ஹம் பெருவீட்டின் மதில் சூழ்ந்த தோட்டத்தில் ஜோடி ஜோடியாகப் போட்டி. குறையில்லாத காய், பூ அலங்காரம், ஜாம், ஊறுகாய் ஆகியவற்றுக்கு மதிப்பெண். கண்காட்சிக்குக் காய் வளர்ப்பது அலாட்மென்ட் பண்பாட்டில் உண்மையாகவே உள்ள ஒன்று, அதை மறுக்கவில்லை. ஆனால் ஜோடிகள் ஒவ்வொன்றாக வெளியேறும் போட்டி வடிவம், யாரும் யாரையும் வெளியேற்றாமல் பக்கத்துப் பக்கத்தில் இருபது ஆண்டு உழைக்கும் இடத்துக்குப் பொருந்தவில்லை.

ஆர்வம் தூண்டப்பட்டு, உழைப்பு சொல்லப்படாமல் விடப்பட்டால் நட்டம் ஒருவரோடு நிற்பதில்லை. 2023இல் கிரீன்பீஸ் அமைப்பு உள்ளாட்சிகளிடம் தகவல் கேட்டுத் திரட்டியபோது காத்திருப்போர் பட்டியலில் 1,74,000க்கும் மேற்பட்டோர் இருந்தது தெரிந்தது. அலாட்மென்ட் சங்கங்களில் இருப்பவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது, ஏப்ரலில் உற்சாகமாக வந்து ஜூலையில் காணாமல் போகும் புதியவர்களைப் பற்றி. எச்சரிக்கைக் கடிதம் போய், கெடு முடிந்து, துண்டு அடுத்தவர் கைக்கு வர மாதங்கள் ஆகும். அதற்குள் களை இடுப்புயரம் ஏறியிருக்கும். அடுத்தவரின் முதலாண்டு இன்னும் கடினமாகும். பல நகராட்சிகள் முழுத் துண்டைப் பாதியாகவும் அதற்கும் சிறிதாகவும் பிரித்துத் தருகின்றன. புதியவருக்கு அது நல்ல ஏற்பாடு; ஒரு குடும்பத்துக்கு ஆண்டு முழுவதும் காய்கறி என்ற பழைய நோக்கத்தை அது கைவிடுகிறது என்பதும் உண்மை.

காப்பாற்றும் வேலைக்குப் பலன் மண்ணிலேயே தெரிகிறது. ஷெஃபீல்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் லெஸ்டர் நகரில் எடுத்த மண் மாதிரிகளில், அலாட்மென்ட் மண்ணில் கரிமச் சத்து சுற்றியுள்ள வயல்களைவிட 32 விழுக்காடு அதிகமிருந்தது. மண் இறுகாமலும் இருந்தது. 2014இல் வெளியான ஆய்வு அது. மட்கும் தொழு உரமும் தலைமுறையாகச் சுமந்து போட்டதன் விளைவு. அதே பல்கலைக்கழகத்தின் 2020ஆம் ஆண்டு ஆய்வு, பிரிட்டனின் பத்து நகரங்களில் அலாட்மென்ட் நிலம் உச்சத்திலிருந்ததில் 65 விழுக்காடு போய்விட்டதையும், ஏழ்மை மிகுந்த பகுதிகளே வசதியான பகுதிகளைவிடப் பன்மடங்கு இழந்ததையும் கண்டது. கிழக்கு லண்டனில் மேனர் கார்டன் அலாட்மென்ட்கள் 2007இல் ஒலிம்பிக் பூங்காவுக்காக அகற்றப்பட்டன. வாட்ஃபர்டின் ஃபார்ம் டெரஸ் அலாட்மென்ட்காரர்கள் ஆண்டுக்கணக்கில் நீதிமன்றம் ஏறியும் 2016இல் தோற்றார்கள். மாற்று நிலம் தருகிறோம் என்று சொல்லும்போது பரப்பளவை ஈடு செய்யலாம். இந்த 32 விழுக்காட்டை யாராலும் லாரியில் ஏற்றிக் கொண்டுபோக முடியாது.

பிரிட்டனின் அலாட்மென்ட்களில் இன்று வெளிநாடுகளிலிருந்து குடியேறியவர்களும் பலர். லண்டன் புறநகர்களில் நம் தமிழரும் உண்டு. வெந்தயக்கீரை, கொத்தமல்லி, சுரை, பூசணி, அவரை என்று போடுகிறார்கள். இவர்களின் விதைகளையும் அனுபவத்தையும் திரட்ட கார்டன் ஆர்கானிக் அமைப்பு 2010களின் தொடக்கத்தில் 'சோயிங் நியூ சீட்ஸ்' என்ற திட்டத்தையே நடத்தியது. இவற்றில் அவரை தனிக் கதை. பகல் குறுகினால்தான் நம் அவரை வகைகளில் பெரும்பாலானவை பூக்கும். லண்டனில் ஜூன் மாதப் பகல் பதினாறரை மணி நேரத்துக்கு மேல். கொடி பந்தலை மூடிப் படர்ந்து, ஆளுயரம் தாண்டி, ஆகஸ்ட் முழுவதும் இலையாகவே நிற்கும். செப்டம்பர் கடைசியில் பூ எட்டிப் பார்க்கும். அக்டோபர் உறைபனி வந்தால் ஒரே இரவில் கருகும். பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் வளர்ப்பவர்கள் சில வாரம் கூடுதலாகப் பெறுகிறார்கள். வெளியில் வளர்ப்பவர்களுக்கு ஒரே வழி, பந்தலிலேயே முந்திப் பூத்த கொடியை அடையாளம் வைத்து, அதன் காயைப் பறிக்காமல் முற்றவிட்டு, விதையை உலர்த்தி அடுத்த மே மாதம் அதையே முளைக்கப் போடுவது. அந்த விதையில் நாலைப் பக்கத்துத் துண்டுக்காரருக்கும் கொடுத்து வைத்தால், ஒருவர் பந்தல் கருகிய ஆண்டிலும் வகை அழியாமல் இருக்கும். ஒரு வகையை அந்த மண்ணுக்கும் வெளிச்சத்துக்கும் பழக்க இப்படிப் பல ஆண்டுகள் வேண்டும், அத்தனை ஆண்டும் அதே துண்டு கையில் இருக்க வேண்டும்.